நோவாமல் தேயும் எலும்பு



கொழும்பு புறக்கோட்டையில் பொழுது புலர்ந்ததும் வாய்க்கு வேலை தொடங்கிவிடுகிறது. மூட்டை இறக்குவோரின் கூவல், விலை பேசுவோரின் வாதம், பழைய கடனை நயமாக நினைவூட்டுவோரின் குழைவு ஆகிய யாவும் குறுக்குத் தெருக்களில் ஒன்றாகக் கலந்து எழுகின்றன. அங்கே எழுத்தில் நடக்கும் வாணிகத்திலும் சொல்லில் நடக்கும் வாணிகமே பெரிது. பல் போனால் சொல் போச்சு என்னும் பழமொழியின் பொருளை அத்தெருக்களின் வணிகர்கள் அறிந்த அளவுக்கு வேறெவரும் அறிந்திருக்கமாட்டார்கள்.

நாலாம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் ஐம்பத்தைந்து வயது முதலாளி ஒருவரை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளலாம். அவர் குறிப்பிட்ட எவரும் அல்லர். பலருடைய அனுபவத்தைச் சேர்த்து வார்த்த ஓர் உருவம். அவருடைய கீழ்த்தாடையின் கடைவாய்ப் பற்கள் இரண்டு, சொத்தை எதுவும் இல்லாமலே, மெல்ல மெல்ல ஆடி விழுந்துவிட்டன. மகளின் திருமணத்துக்கு முன்பாக, பெருந்தொகை செலவிட்டு அவ்விடத்தில் இரண்டு செயற்கைப் பற்களை எலும்பிலேயே நட்டுவித்துக்கொண்டார். உலோகப் பல் அல்லவா! சொத்தை விழாது, கூசாது, இனிக் கவலை இல்லை என்று எண்ணினார். ஆறு ஆண்டுகள் சென்றன. பல் துலக்கும்போது சிறிது இரத்தம் கசிந்தது; பொருட்படுத்தவில்லை. வாயில் ஒரு கெட்ட சுவை தங்கியது. வெற்றிலையால் அதை மறைத்தார். ஈற்றில் மனைவியின் வற்புறுத்தலால் பல் வைத்தியரிடம் சென்றார்.

வைத்தியர் மெல்லிய அளவுகோலொன்றை முரசின் ஓரத்தில் இறக்கிப் பார்த்தார், எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார், பின்னர் சொன்னார்: "முதலாளி, பல் ஆடவில்லை. ஆனால் அதைச் சுற்றியிருந்த எலும்பு கிண்ணம்போலக் குடைந்து போயிருக்கிறது."

"நோகவே இல்லையே, டொக்டர்! உலோகத்திலும் புழு விழுமா?" என்று கேட்டார் முதலாளி.

அந்த வினாவுக்குரிய விடையே இன்றைய பேச்சின் பொருள்.

தோட்டக்காரன் செடியின் கொம்பை மண்ணில் பதியமிடுவதுபோல, தாடையெலும்பில் ஓர் உலோகத் தண்டை நட்டு, அதன்மேல் பல் பொருத்தும் முறையை ஆங்கில வழக்கில் இம்பிளான்ட் என்பர். இங்கே அதைப் பதியம் என்றே சொல்லலாம். அதற்குப் பெரிதும் பயன்படும் உலோகம் டைட்டேனியம். ஈழத்துப் பாடநூல்கள் அதனைத் தைத்தேனியம் என்று எழுதின. இந்த உலோகத்தின் மூலப்பொருளான இல்மனைற்று, உரூற்றைல் என்னும் தாதுக்கள் திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணலில் குவிந்து கிடக்கின்றன. அவற்றை எடுப்பதற்கென்றே 1957-இல் அரச கூட்டுத்தாபனம் ஒன்று நிறுவப்பட்டது. ஆயினும் அந்த உலோகம் எலும்போடு உறவு கொள்ளும் என்பது புலனானது சுவீடனில்.

1952-ஆம் ஆண்டளவில் பேர்-இங்வார் பிரேனமார்க் என்னும் சுவீடன் நாட்டு ஆய்வாளர், முயலின் கால் எலும்பில் இரத்தம் ஓடும் விதத்தைக் காண்பதற்காக டைட்டேனியத்தாலான சிறு கண்ணாடிக்கூடு ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்தபின் அதைக் கழற்ற முயன்றார், கழற்ற முடியவில்லை. எலும்பு உலோகத்தை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. வேறொருவர் வீணாய்ப் போன கருவிக்காக வருந்தியிருப்பார். பிரேனமார்க்கோ அந்தப் பிடிப்பையே ஆராயத் தொடங்கினார். 1965-ஆம் ஆண்டு கோத்தன்பேர்க் நகரில், பிறவியிலேயே தாடை குறைபட்டிருந்த கோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாகப் பதியங்கள் நடப்பட்டன. 2006-இல் அவர் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அவை அவருக்குப் பயன்பட்டன. 1982-இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் நடந்த மாநாட்டின் பின்னர் இம்முறை உலகெங்கும் பரவியது.

எலும்பு உலோகத்தைப் பற்றும், அது உண்மை. ஆனால் அந்தப் பிடிப்பு ஒருமுறை எழுதி முத்திரையிட்ட உறுதிப் பத்திரம் அன்று. இயற்கைப் பல்லுக்கும் பதியத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தால் இது விளங்கும். இயற்கைப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் இடையே நுண்ணிய நார்களாலான சவ்வு ஒன்று உண்டு. கழுத்துப் பகுதியிலும் முரசின் நார்கள் வேருக்குள்ளேயே ஊன்றி நிற்கின்றன. அவை அரணின் முள்வேலி போன்றவை. பதியத்துக்கு அந்தச் சவ்வும் இல்லை. அந்த வேலியும் இல்லை. முரசின் நார்கள் உலோகத்தின் பக்கமாகச் செல்கின்றனவேயன்றி அதனுள் ஊன்றுவதில்லை. இரத்த ஓட்டமும் அங்கே குறைவு. ஆகவே கிருமிகள் ஒருமுறை உள்ளே இறங்கிவிட்டால், பல்லைச் சுற்றிப் பரவுவதிலும் விரைவாகப் பதியத்தைச் சுற்றிப் பரவ இடமுண்டு. உலோகத்தில் புழு விழுவதில்லை. உலோகத்தைத் தாங்கும் எலும்பே அழற்சியால் கரைகிறது.

இந்த அழற்சிக்கு மூலகாரணம் யாது? 1965-ஆம் ஆண்டில், அதாவது லார்சனுக்குப் பதியம் நட்ட அதே ஆண்டில், ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டவர் டென்மார்க்கில் எளிய சோதனை ஒன்றை நடத்தினார். நல்ல முரசுடைய 12 பேரை அவர் பல் துலக்காமல் இருக்கச் செய்தார். பத்து நாள் முதல் இருபத்தொரு நாளுக்குள் அனைவருக்கும் முரசு அழற்சி தோன்றிற்று. மறுபடி துலக்கத் தொடங்கியதும் அது நீங்கிற்று. பல்லின்மேல் படியும் பற்றீரியாப் படலமே நோயின் விதை என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை. பின்னாளில் பதியங்களை வைத்து இத்தகைய சோதனைகள் செய்யப்பட்டபோதும், துலக்காதபோது அழற்சி தோன்றியதே காணப்பட்டது.

எனினும் முரசு அழற்சி உற்ற எல்லோருக்கும் எலும்பு தேய்கிறதா? இந்த வினாவுக்கு விடை தேடிய ஆய்வு இலங்கையிலேயே நடந்தது. ஈழத் தமிழ் நேயர்கள் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்.

1969-இல் லோவும் அவருடைய தோழர்களும் நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவில் 565 ஆண்களைத் தெரிந்தெடுத்தனர். அவர்கள் மாணவரும் கல்விமான்களும்; சிறு பிராயம் முதலே பல் வைத்திய வசதி பெற்றவர்கள். மறு ஆண்டு, 1970-இல், அவ்வாய்வாளர்கள் இலங்கையின் மலைநாட்டுக்கு வந்து, இரு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ்த் தொழிலாளரைத் தெரிந்தெடுத்தனர். இவர்கள் பற்றூரிகையால் துலக்கும் வழக்கம் அறியாதவர்கள். பல் வைத்தியம் என்பதையே காணாதவர்கள். அவர்களுடைய பற்களில் படலமும் காறையும் படிந்திருந்தன. முரசுகளில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் அழற்சி இருந்தது. ஆனால் சொத்தைப் பல் என்பது அவர்களிடம் அநேகமாக இல்லை. எனவே விழுந்த பல் யாவும் முரசு நோயாலும் எலும்புத் தேய்வாலும் விழுந்தவையே என்று கொள்ள முடிந்தது. நோய் தன் இயல்பில், தடையின்றி, எவ்வாறு நடக்கும் என்பதைக் காண இதைவிட வாய்ப்பான களம் உலகில் அரிது.

நாற்பது வயதை அணுகியபோது ஒஸ்லோக்காரரின் பற்களைத் தாங்கும் பிடிப்பு சராசரியாக ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல் குறைந்திருந்தது. தோட்டத் தொழிலாளருக்கோ அது நான்கரை மில்லிமீற்றர். இந்த அளவில் நின்றிருந்தால், துலக்கியவன் தப்பினான், துலக்காதவன் இழந்தான் என்ற எளிய பாடத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் பதினைந்து ஆண்டுக் கணக்கை வைத்து 1986-இல் வெளிவந்த ஆய்வு வேறொன்றையும் காட்டிற்று. ஒரே தோட்டத்தில் ஒரே உழைப்போடும் ஒரேவிதமான வாய் நிலையோடும் வாழ்ந்த அவர்கள் மூன்று பிரிவாயினர். நூற்றுக்கு 8 பேருக்கு நோய் கடுகி ஓடிற்று. இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, நாற்பத்தைந்தில் ஒரு பல்லும் எஞ்சவில்லை. நூற்றுக்கு 81 பேருக்கு அது மிதமாக நடந்தது. நாற்பத்தைந்து வயதில் சராசரியாக ஏழு பற்களை இழந்தனர். மீதி 11 பேருக்கு முரசு அழற்சி இருந்தும் அது எலும்பைத் தொடவே இல்லை.

ஆகவே கிருமி விதையாயினும், அது விழும் நிலம் எல்லோரிடத்தும் ஒன்றன்று. ஒருவர் உடல் தாங்குவதை மற்றொருவர் உடல் தாங்காது. யார் எந்தப் பிரிவில் பிறந்திருக்கிறார் என்பது பல் விழத் தொடங்கும்வரை அவருக்கே தெரிவதில்லை.

இப்பொழுது புறக்கோட்டை முதலாளியிடம் திரும்பலாம். அவருடைய கடைவாய்ப் பற்கள் சொத்தையில்லாமலே ஆடி விழுந்தன என்று முன்னர் சொல்லப்பட்டது. அதுவே எச்சரிக்கை. எந்த நோய் இயற்கைப் பல்லின் எலும்பைத் தின்றதோ, அதே நோய்க்கு ஆளாகும் உடலில்தான் பதியமும் நடப்பட்டது. முரசு நோய் முன்பு கண்டிருத்தல், வாயைத் துப்புரவாக வையாமை, ஒழுங்காக வைத்தியரிடம் சென்று பார்க்காமை ஆகிய மூன்றுமே பதியத்தைச் சுற்றிய எலும்புத் தேய்வுக்குப் பெருங் காரணங்கள் என 2017-இல் அமெரிக்க, ஐரோப்பிய நிபுணர் கூடி ஆராய்ந்த மாநாடு வரையறுத்தது. புகைத்தலும் கட்டுப்படாத நீரிழிவும் துணைக்காரணங்களாகக் கருதப்படுகின்றன. கிரீடத்தை ஒட்டப் பயன்படுத்திய சீமெந்துப் பசையின் மிச்சம் முரசினுள் தங்குவதும் தீங்கு செய்யும்.

இது அரிதாய் நேர்வது என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் வெளியான கணக்கின்படி, பதியம் வைத்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேருக்கு மேலோட்டமான அழற்சியும், 22 பேருக்கு எலும்புத் தேய்வோடு கூடிய அழற்சியும் காணப்பட்டன.

இவ்விரண்டையும் பிரித்தறிவது இன்றியமையாதது. முதற்கட்டத்தில் முரசு மட்டும் சிவந்து, தொட்டால் இரத்தம் கசியும், எலும்பு குறையாது. இந்தக் கட்டத்தில் நன்றாகத் துப்புரவு செய்தால் நோய் மீளும். இரண்டாம் கட்டத்தில் இரத்தத்தோடு சீழும் வரலாம். முரசுக்கும் பதியத்துக்கும் இடையே குழி ஆழமாகும். எக்ஸ்-கதிர்ப் படத்தில் எலும்பு தாழ்ந்திருக்கும். பழைய படம் இல்லாதவிடத்து, குழி ஆறு மில்லிமீற்றரும் அதற்கு மேலுமாய், எலும்பு மூன்று மில்லிமீற்றரும் அதற்கு மேலுமாய்த் தாழ்ந்திருந்து, இரத்தமும் கசிந்தால் நோய் உறுதி என்பது நிபுணர் வகுத்த அளவு. நோவு இதற்குச் சாட்சியன்று. பல் ஆடும்வரை காத்திருப்பதும் தவறு. பதியமே ஆடினால் எலும்பின் பிடிப்பு முற்றாகவே அற்றுவிட்டது என்பது பொருள்; அதன்பின் அதைக் கழற்றுவதன்றி வேறு வழி இல்லை.

இனி வைத்தியம். இது படிப்படியாகச் செல்வது. முதற்படி, நோயாளியே செய்யவேண்டியது: பதியத்தைச் சுற்றித் துலக்கும் முறையைப் புதிதாகக் கற்றல். மேலிருக்கும் பல்லின் வடிவம் தூரிகை நுழைய இடங்கொடாவிட்டால், வைத்தியர் அதைக் கழற்றித் திருத்துவார். புகைப்பவர் புகையை விடவேண்டும். நீரிழிவுடையார் சர்க்கரையைக் கட்டுப்படுத்தவேண்டும். அடுத்து வைத்தியர், உலோகத்தின் மேற்பரப்புக்குப் பொருந்தும் கருவிகளாலும், நுண்ணதிர்வுக் கருவியாலும், சில வேளைகளில் மென்தூளைக் காற்றோடு வீசியும், படலத்தையும் காறையையும் நீக்குவார். பதியத்தின் மேற்பரப்பு வழுவழுப்பானதன்று. எலும்பு பற்றும்பொருட்டு அது வேண்டுமென்றே சொரசொரப்பாக்கப்பட்டு, திருகாணிபோல் புரிகளோடும் அமைந்தது. எலும்புக்கு உதவிய அந்தச் சொரசொரப்பே, எலும்பு விலகியபின் கிருமிக்கு உறைவிடமாகிறது. அதனாற்றான் பதியத்தைச் சுத்தஞ் செய்தல் பல்வேரைச் சுத்தஞ் செய்வதிலும் கடினம்.

மாத்திரை ஒன்று தந்தால் போதாதா என்று கேட்போர் பலர். அறுவையில்லாச் சுத்திகரிப்போடு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை வழமையாகக் கொடுக்க வேண்டாமென்றே 2023-இல் ஐரோப்பிய நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. படலம் என்பது கிருமிகள் தம்மைச் சுற்றிக் கட்டிக்கொண்ட கோட்டை. மருந்து மட்டும் அதனைத் தகர்க்காது. காரணமின்றி உண்ட மாத்திரையோ, பின்னொரு நாள் பெருநோய் வரும்போது பயன்படாமற் போகும்.

ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் கழித்து வைத்தியர் மறுபடி அளந்து பார்ப்பார். குழி ஐந்து மில்லிமீற்றருக்கு மேற்படாமலும், சீழ் இல்லாமலும், இரத்தக் கசிவு ஓரிடத்துக்கு மேல் இல்லாமலும் இருந்தால் நோய் அடங்கியது எனலாம். அடங்காவிட்டால் அறுவைச் சிகிச்சை. முரசை விலக்கி, அழற்சியுற்ற தசையை எடுத்து, பதியத்தின் மேற்பரப்பைக் கண்ணால் கண்டு துடைத்தெடுப்பர். எலும்பு கிண்ணம்போலக் குடைந்திருந்தால், அவ்விடத்தில் எலும்புத் துகளோ அதற்கு ஈடான பொருளோ நிரப்பி, எலும்பை மீளக் கட்டவும் முயல்வர். சுவரெல்லாம் இடிந்து தட்டையாகத் தேய்ந்திருந்தால் நிரப்பிய பொருள் தங்காது. அப்போது முரசைத் தாழ்த்தி, துலக்குவதற்கு எளிதாக்குவதே வழி.

இங்கே உண்மையை மறைப்பது அறமன்று. இழந்த எலும்பு முழுவதையும் பழையபடி திருப்பித் தருவதாக வாக்களிக்கும் வைத்தியம் இன்றுவரை இல்லை. சிகிச்சையின் முதல் நோக்கம் தேய்வை நிறுத்துவது, மீட்பது அதன்பின். நின்ற நோயும் திரும்பி வரக்கூடும். ஆகவே மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வைத்தியரிடம் செல்லுதல் வாழ்நாள் கடமையாகிறது. வணிகர்க்கு விளங்கும் மொழியில் சொன்னால், பதியம் என்பது ஒருமுறை வாங்கிப் பூட்டி வைக்கும் நகையன்று. நாள்தோறும் கணக்குப் பார்க்கவேண்டிய கடை. கணக்குப் பாராத கடையில் இலாபம் முதலில் போகும். பின்பு முதலுக்கே மோசம் வரும்.

பதியம் வைக்க எண்ணும் நேயர்கள் பணத்தை எண்ணுமுன் சில வினாக்களைக் கேட்கவேண்டும். முன்பிருந்த பல் எதனால் போயிற்று? முரசு நோயாலெனின், மீதிப் பற்களின் நோய் முதலில் தீர்க்கப்பட்டதா? பல் பொருத்திய அன்றே எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து, குழியின் ஆழத்தை அளந்து, கையில் குறிப்புத் தருவார்களா? பின்னாளில் தேய்வை அளப்பதற்கு அந்த முதல் நாள் படமே படிக்கல். பின்தொடர்ந்து பார்ப்பதற்கு ஆகும் செலவு எவ்வளவு? கடல் கடந்து விடுமுறையில் வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் தங்கிப் பதியம் வைத்துக்கொண்டு திரும்பும் தமிழர்க்கு இது இன்னும் முக்கியம். அந்தப் படமும், பதியத்தின் வகையைக் குறித்த சீட்டும் அவர்களுடைய கடவுச்சீட்டுப்போலக் கூடவே செல்லவேண்டும்.

வெற்றிலைப் பழக்கம் பற்றியும் ஒரு சொல். பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்பது ஐயமற நிறுவப்பட்டது. புகைத்தலோ முரசின் இரத்தக் கசிவைக் குறைத்து, நோயின் முதல் அறிகுறியையே மறைத்துவிடும். காவற்காரன் வாயைக் கட்டிவிட்டுக் கள்வனுக்குக் கதவு திறப்பதற்கு இது ஒப்பாகும்.

முதலாளியின் கதை நல்லபடியே முடியட்டும். ஒரு பதியத்தைச் சுற்றிய எலும்பு கிண்ணமாகக் குடைந்திருந்ததால் அறுவை செய்து நிரப்பினார்கள்; அது நின்றது. மற்றையதைக் கழற்றவேண்டி வந்தது. "கழற்றியதற்கு வருத்தமில்லை, டொக்டர். முதல் இரத்தத்தைக் கண்ட அன்றே வந்திருந்தால் இரண்டும் நின்றிருக்கும். அதற்குத்தான் வருத்தம்" என்றார் அவர். ஒரு வாய் வார்த்தையில் முழு வைத்தியமும் அடங்கிவிட்டது.

ஈற்றில், மலைநாட்டுத் தோட்டங்களை மறந்து இப்பேச்சை முடித்தல் முறையன்று. ஆய்வு நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி தோட்டக் குடும்பங்கள் பல தலைமன்னார்த் துறையில் கப்பலேறி இந்தியா சென்றன. தொடக்கத்தில் இருந்த 480 பேரில் 1985-இல் காணக் கிடைத்தவர் 161 பேர். 2010-இல் ஆய்வாளர் மறுபடி தேடிச் சென்றபோது பரிசோதிக்கக் கிடைத்தவர் 75 முதியவர்கள். நாற்பது ஆண்டுகளில் அவர்களுள் பல் ஒன்றும் இழவாதவரும் இருந்தனர். இருபத்தெட்டுப் பற்களையும் இழந்தவரும் இருந்தனர். உலகெங்கும் பல் வைத்திய மாணவர் படிக்கும் நூல்களில் அவர்களுடைய கணக்கு நிற்கிறது. அவர்களுடைய பெயர்கள் இல்லை.

இன்று கொழும்பில் பெருஞ் செலவில் பதியம் வைப்போரை வைத்தியர் முரசைக் காட்டி எச்சரிக்கிறார் எனின், அந்த எச்சரிக்கையின் ஒரு பங்கு பற்றூரிகையே காணாத அந்தத் தொழிலாளரின் வாயிலிருந்து பெறப்பட்டது. அவர்களுக்குக் கிட்டாத காவல் இன்று பலருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கொழும்பு தேசிய பல் வைத்தியசாலையும், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் வைத்திய பீடமும், ஊர்தோறும் உள்ள அரசாங்க வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவுகளும் இருக்கின்றன. தூரிகை நுனியில் சிவப்பைக் கண்டால் நாளைக்கு என்று தள்ளாமல் செல்லுதல் வேண்டும். நோவு வரும் என்று காத்திருப்பவருக்கு நோவு வருவதில்லை, எலும்புதான் போகிறது.